கிளியோபாட்ரா வெள்ளையா, எல்லாளன் கறுப்பா? ஒரு நாடக ரீச்சருக்குப் பதில்

திருகோணமலையில் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்கும் ஓர் இளம் ஆசிரியை கேட்ட கேள்வி இது. ஆங்கில தினத்துக்கு ஷேக்ஸ்பியரின் கிளியோபாட்ரா காட்சி ஒன்றை எடுத்திருக்கிறார். தமிழ்மொழித் தினத்துக்கு எல்லாளன் நாடகம்: அனுராதபுரத்தை ஆண்ட தமிழ் அரசன் எல்லாளனும், அவரைப் போரில் வென்ற சிங்கள அரசன் துட்டகைமுனுவும் வரும் கதை. கிளியோபாட்ராவாக நடிக்க, நன்றாக வசனம் பேசும் ஒரு பிள்ளையைத் தெரிவு செய்தார். பிள்ளை கறுப்பு. "கிளியோபாட்ரா வெள்ளைக்காரி, வரலாற்றைப் பிழையாகக் காட்டாதீர்கள்" என்று சில பெற்றோர் வந்து நிற்கிறார்கள். மற்றப் பக்கம், எல்லாளனாக நடிக்கும் பையனுக்குக் கறுப்பு மை பூசவேண்டும், துட்டகைமுனுவுக்கு ரோஸ் பவுடர் போடவேண்டும் என்று மேக்கப்காரர் சொல்கிறார். யார் சொல்வது சரி?

ரீச்சர், முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பிள்ளை தாராளமாகக் கிளியோபாட்ராவாக நடிக்கலாம். எல்லாளனுக்கு மை பூச எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் இரண்டுக்கும் காரணங்கள் வேறு வேறு. பெற்றோரிடம் போய் "நாடகம்தானே, எதுவும் செய்யலாம்" என்றால் அவர்கள் ஏற்கமாட்டார்கள். வரலாறு என்ன சொல்கிறது என்று அவர்கள் கேட்பது நியாயம். அதற்கு ஒழுங்கான பதில் கொடுக்கவேண்டும்.

கிளியோபாட்ரா என்று நாம் சொல்வது ஏழாம் கிளியோபாட்ராவை. கி.மு. 69-ல் பிறந்து, கி.மு. 51 முதல் 30 வரை எகிப்தை ஆண்டவர். அவருடைய குலம் எகிப்தில் தோன்றியதல்ல. கி.மு. 323-ல் மகா அலெக்சாந்தர் இறந்தபின் அவருடைய தளபதிகளில் ஒருவரான தொலமி எகிப்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். தொலமி மக்கெடோனியர். அவர் வழிவந்தவர்கள் அலெக்சாந்திரியாவில் இருந்துகொண்டு கிரேக்க மொழியில் அரசாண்டார்கள், அண்ணன் தங்கையைக் கலியாணம் முடிப்பதுகூட அந்த வீட்டில் வழக்கமாக இருந்தது. அந்த வம்சத்தில் எகிப்திய மொழியைக் கற்றுக்கொள்ள மெனக்கெட்டவர் கிளியோபாட்ராதான், முன்னிருந்த அரசர்கள் அதைக்கூடச் செய்யவில்லை என்று பழைய கிரேக்க ஆசிரியர் புளூட்டார்க் எழுதுகிறார். இடையில், சிரியாவை ஆண்ட செலூக்கிய வம்சத்து இளவரசி ஒருத்தி மருமகளாக வந்தாள். அவள் வழியே மத்திய ஆசியாவின் சொக்தியானாவைச் சேர்ந்த அபாமா என்ற பெண்ணின் வழித்தோன்றலும் அந்தக் குடும்பத்தில் சேர்ந்தது.

இதுவரை தெளிவு. இதற்கு மேல் ஓர் இடைவெளி இருக்கிறது. கிளியோபாட்ராவின் தாய் யார் என்று எந்தப் பழைய ஆசிரியரும் நேராகச் சொல்லவில்லை. தகப்பன் பன்னிரண்டாம் தொலமியின் மூத்த மகள் மட்டுமே முறையான மனைவிக்குப் பிறந்தவள் என்று பழைய கிரேக்க ஆசிரியர் ஸ்ட்ராபோ எழுதிவைத்திருக்கிறார். அந்தத் தகப்பனைப் பெற்ற தாயின் பெயரும் தெரியாது. ஆகவே, பெரும்பகுதி மக்கெடோனியக் கிரேக்க வம்சம், பெண்வழியில் நிரப்பப்படாத இரண்டு இடங்கள். சான்று இவ்வளவுதான் சொல்கிறது. அந்த இடத்தில் எகிப்தியப் பெண் ஒருத்தி இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். "நிச்சயம் ஆபிரிக்கப் பெண்" என்பவரும் சான்றைத் தாண்டுகிறார், "தோல் நிச்சயம் வெள்ளை" என்பவரும் தாண்டுகிறார்.

தாண்டினால் என்ன நடக்கும் என்பதற்கு, இன்றைய துருக்கியில் உள்ள எபேசுவில் கிடைத்த ஒரு மண்டையோடு நல்ல உதாரணம். 1929-ல் அங்கே ஓர் எண்கோணக் கல்லறையில் ஒரு மண்டையோட்டை எடுத்தார்கள். கிளியோபாட்ராவின் தங்கை அர்சினோவே எபேசுவில்தான் கொல்லப்பட்டாள் என்பதால் அது அவளுடையதாக இருக்கலாம் என்ற எண்ணம் பின்னர் வந்தது. 2009-ல் தொலைக்காட்சி ஆவணப்படம் ஒன்று அந்த மண்டையோட்டின் பழைய அளவுகளை வைத்து, தாய் ஆபிரிக்கர் என்று சொன்னது. உலகம் முழுக்கச் செய்தி பரவியது. 2025-ல் வியன்னா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மரபணு எடுத்துப் பார்த்தபோது, அது 11 முதல் 14 வயதுக்குள் இருந்த, வளர்ச்சிக் குறைபாடுள்ள ஒரு பையனின் மண்டையோடு என்று தெரிந்தது. அர்சினோவேக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கிளியோபாட்ரா பற்றி எழுதப்பட்ட எத்தனையோ வாதங்கள் இந்த ஒரு பையனின் எலும்பின்மேல் நின்றன.

2023-ல் நெட்ஃபிளிக்ஸ் ஆவணத் தொடரில் கறுப்பின நடிகை ஒருவர் கிளியோபாட்ராவாக வந்தபோது நடந்த சண்டை உங்கள் பெற்றோருக்கு ஞாபகம் இருக்கும். எகிப்தின் தொல்பொருள் அமைச்சு, கிளியோபாட்ராவுக்கு வெளுத்த தோலும் கிரேக்க முகவெட்டும் இருந்தன என்று அறிக்கை விட்டது. ஆவணப்படம் என்று பெயர் போட்டுக்கொண்டு வரும்போது கேள்வி கேட்பது சரிதான். அந்தப் பெயரே ஒரு வாக்குறுதி. ஆனால் வம்சத்தைச் சொல்வதோடு நிற்காமல் தோலின் நிறத்தையும் அடித்துச் சொன்னது அமைச்சு செய்த பிழை என்பது என் கருத்து. காசுகளில் பொறித்த முகத்தில் வளைந்த மூக்கும் முன்தள்ளிய தாடையும் தெரியும். வெள்ளியிலும் வெண்கலத்திலும் தோல் நிறம் எங்கே தெரியப்போகிறது?

இன்னொன்றையும் அந்தப் பெற்றோருக்குச் சொல்லுங்கள். ஆபிரிக்க வழிவந்தவர்கள் எகிப்தைத் தங்களது என்று கேட்பது வெறும் வீம்பு இல்லை. 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் படிப்பாளிகள் பலர் எகிப்தை ஆபிரிக்காவிலிருந்தே வெட்டி எடுத்துவிட்டார்கள். ஆபிரிக்கர் நாகரிகம் கட்டியிருக்க முடியாது என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு வரலாறு எழுதினார்கள். கிரேட் சிம்பாப்வேயின் கல்மதில்களைக்கூட வெளியிலிருந்து வந்த யாரோ கட்டினார்கள் என்றார்கள். அதற்கு எதிராகத்தான் செனகல் அறிஞர் செக் அந்தா தியோப் 1950-களில் எழுதத் தொடங்கினார். 1974-ல் கெய்ரோவில் யுனெஸ்கோ கூட்டிய மாநாட்டில் அவர் நேருக்கு நேர் வாதாடினார். அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. அவருடைய கோபத்தை முழுதாக ஏற்கிறேன். பறிக்கப்பட்ட ஒன்றைத் திருப்பிக் கேட்பவர் சில வேளை கொஞ்சம் கூடுதலாகவும் கேட்பார்.

அப்படிக் கேட்பவர்களுக்குக் கிளியோபாட்ரா தேவையும் இல்லை. எகிப்தின் 25-ஆம் வம்சத்து அரசர்கள் இன்றைய சூடானின் குஷ் நாட்டிலிருந்து வந்தவர்கள். தஹர்கா கி.மு. 690 முதல் 664 வரை ஆண்டார். கிளியோபாட்ரா இறந்து சில வருடங்களுக்குள் குஷ் நாட்டு அரசி ஒருத்தி ரோமப் படையோடு மோதினாள். ஸ்ட்ராபோ அவளை ஒரு கண் இல்லாத வீரப்பெண் என்கிறார். அமனிரேனஸ் என்று இப்போது அடையாளம் காண்கிறார்கள். ரோமரிடமிருந்து பறித்த அகஸ்டஸ் சிலையின் வெண்கலத் தலையை மெரோவே நகரத்துக் கோயில் படிக்கட்டின் கீழே புதைத்துவைத்தார்கள், வருவோர் போவோர் எல்லாரும் மிதித்துப் போவதற்காக. 1910-ல் தோண்டி எடுத்தார்கள், இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடுத்த வருடத்துக்கு நாடகம் தேடினால் இந்த அரசியை எடுங்கள் ரீச்சர். அருமையான கதை.

சரி, உங்கள் காட்சிக்கு வருவோம். நீங்கள் போடுவது ஷேக்ஸ்பியர் 1607 அளவில் எழுதிய நாடகம். அந்த நாடகத்தின் கிளியோபாட்ரா யார் என்று நாடகத்தையே கேட்கவேண்டும். முதல் காட்சியில், வாய் திறக்கும் முதல் ஆளே அவளுடைய முகத்தைப் பழுப்பு நிறம் என்கிறான். கொஞ்சம் தள்ளி, சூரியன் காதலோடு கிள்ளிக் கிள்ளிக் கறுத்துப்போனவள் நான் என்று கிளியோபாட்ராவே சொல்கிறாள். வரலாற்றுக் கிளியோபாட்ராவின் நிறம் நமக்குத் தெரியாது. ஷேக்ஸ்பியருடைய கிளியோபாட்ரா கறுப்பி என்று எழுத்திலேயே இருக்கிறது. அது மட்டுமா, அந்தக் காலத்து இங்கிலாந்து மேடையில் பெண்கள் நடிக்கவில்லை. முதலில் கிளியோபாட்ராவாக நடித்தவன் ஒரு பையனாகத்தான் இருக்கவேண்டும். கடைசி அங்கத்தில், ரோமில் யாரோ ஒரு கீச்சுக்குரல் பையன் தன்னைப்போல் வேஷம் போடுவான் என்று அரசி கவலைப்படுவதாக ஷேக்ஸ்பியரே எழுதிவைத்தார். உங்கள் மாணவி அந்தப் பாத்திரத்துக்கு அவர் மேடையேற்றியவனைவிட எவ்வளவோ நெருக்கமானவள். பெற்றோரிடம் அந்த வரிகளையே வாசித்துக் காட்டுங்கள்.

பழங்காலத்தவர் நிறத்தைக் கவனிக்காதவர்கள் என்று நான் சொல்லவில்லை. கவனித்தார்கள். சேத்தி அரசனுடைய கல்லறைச் சுவரில் எகிப்தியர், நூபியர், லிபியர், ஆசியர் என்று நான்கு கூட்டத்தையும் வேறு வேறு நிறத்தில் தீட்டியிருக்கிறார்கள். ஆனால் அதே எகிப்திய ஓவியர்கள் ஆணைச் செம்பழுப்பிலும் பெண்ணை மஞ்சளிலும் தீட்டுவது மரபு. ஒரே வீட்டு அண்ணனும் தங்கையும் இரண்டு நிறம். அதைப் புகைப்படம்போல வாசிக்க முடியாது. ரோமப் பேரரசர் செப்திமியுஸ் செவேருஸ் இன்றைய லிபியாவில் பிறந்தவர். அவரைக் குடும்பத்தோடு தீட்டிய, கி.பி. 200 அளவிலான ஒரு பலகை ஓவியம் பெர்லினில் இருக்கிறது, அதில் அவர் நல்ல பழுப்பு நிறம். அந்த நிறம் அவர் அரியணை ஏறுவதற்குத் தடையாக இருக்கவில்லை. அப்புறம் நம்முடைய பக்கம் பாருங்கள். முல்லைப்பாட்டில் பாசறையில் காவல் நிற்கும் யவனர், அதாவது மேற்கிலிருந்து வந்த கிரேக்க, ரோம நாட்டார், வருகிறார்கள். புலவர் அவர்களுடைய சட்டையைச் சொல்கிறார், சாட்டையைச் சொல்கிறார், பார்த்தாலே பயம் வரும் தோற்றத்தையும் முரட்டு உடம்பையும் சொல்கிறார். தோல் நிறத்தைச் சொல்லவே இல்லை. நாங்கள் முதலில் கேட்பதை அவர் கேட்கவில்லை.

விஞ்ஞானம் சொல்லிவிடாதா என்று யாராவது கேட்பார்கள். மண்டையோடு முகத்தின் வடிவத்தைச் சொல்லும், நிறத்தைச் சொல்லாது. 2005-ல் எகிப்திய அரசன் துத்தன்காமனின் முகத்தை மூன்று குழுக்கள் தனித்தனியாகச் செய்தன. எலும்பு அமைப்பில் பெரும்பாலும் ஒத்துப்போனார்கள். தோலுக்கு என்ன நிறம் கொடுப்பது என்பதில்தான் சண்டை வந்தது. 2025-ல் கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகைத் தாழிகளில் கிடைத்த இரண்டு மண்டையோடுகளுக்கு லிவர்பூலில் முகம் அமைத்தபோதும் அதே கதை. முகத்தைப் பார்த்தவுடன் நம்மவர்கள் நிறத்தையும் மூக்கையும் வைத்து இவர் யார் வழி, அவர் யார் வழி என்று பிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். நிறம் மண்டையோட்டிலிருந்து வந்ததல்ல, இன்றைய தென்னிந்தியரைப் பார்த்துக் கொடுத்தது. மரபணு முழுதாகக் கிடைத்தால் நிறத்தை ஓரளவு ஊகிக்கலாம். இங்கிலாந்தில் சுமார் 10,000 வருடம் பழைய, செடார் மனிதன் என்று அழைக்கப்படும் எலும்புக்கூட்டுக்கு 2018-ல் அப்படித்தான் செய்தார்கள், தோல் கறுப்பாகவும் கண் நீலமாகவும் வந்தது, அங்கே பலருக்கு அதிர்ச்சி. நம்முடைய வெப்பத்தில் எலும்பில் மரபணு அவ்வளவு நாள் நிற்பது அரிது.

இனி எல்லாளன். எனக்கு இதுதான் முக்கியம், ஏனென்றால் கிளியோபாட்ராவின் நிறத்தால் திருகோணமலையில் யாரும் யாரையும் அடிக்கப்போவதில்லை. எல்லாளனை எப்படிக் காட்டுகிறோம் என்பது அப்படியில்லை.

எல்லாளன் பற்றி நமக்கிருக்கும் முதன்மையான நூல் மகாவம்சம் என்ற பாளி வரலாற்று நூல். அவர் ஆண்டது கி.மு. 2-ஆம் நூற்றாண்டில். நூல் எழுதப்பட்டது கி.பி. 5 அல்லது 6-ஆம் நூற்றாண்டில். அதில் அவர் சோழநாட்டிலிருந்து வந்த, உயர்குடிப் பிறந்த தமிழர், 44 வருடம் ஆண்டார், நண்பன் பகைவன் பார்க்காமல் நீதி வழங்கினார் என்று இருக்கிறது. ஆராய்ச்சி மணியும் தேர்க்காலில் கன்று அகப்பட்ட கதையும் அங்கேயே வருகின்றன. இறந்தபின் துட்டகைமுனு அவருக்கு மரியாதையோடு ஈமக்கடன் செய்து நினைவுச்சின்னம் எழுப்பினான், அந்த இடத்தைக் கடக்கும்போது அரசர்கள் வாத்தியங்களை நிறுத்துவார்கள் என்றும் எழுதியிருக்கிறது. தோல் நிறம் பற்றி ஒரு சொல் கிடையாது. எல்லாளனுக்கும் இல்லை, கைமுனுவுக்கும் இல்லை. அதே நூலில், கைமுனுவின் பத்து வீரர்களில் முதலாமவனான நந்திமித்திரன் எல்லாளனுடைய தளபதி மித்தனின் சகோதரி மகன். மாமன் ஒரு பக்கம், மருமகன் மறுபக்கம். அவர்களில் யாருக்கு மை, யாருக்கு ரோஸ் பவுடர்?

பிறகு இந்த நிறம் எங்கிருந்து வந்தது? மொழிகளைப் பற்றிய ஆராய்ச்சியிலிருந்து வந்தது. 1786-ல் வில்லியம் ஜோன்ஸ் சமஸ்கிருதத்துக்கும் கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் உறவு சொன்னார். 1856-ல் கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். இரண்டும் மொழி பற்றிய நல்ல வேலைகள். மொழிக்குடும்பத்தை இரத்தமாக்கி, இரத்தத்தைத் தோலாக்கியது அதற்குப் பின் வந்தவர்கள். ஆரிய இரத்தம், ஆரியக் கண் என்று பேசுவது ஓர் அகராதிக்கு நீள்மண்டை இருக்கிறது என்று பேசுவதைப்போன்ற பிழை என்று மொழியறிஞர் மாக்ஸ் முல்லரே 1888-ல் எச்சரித்தார், கேட்க ஆள் இருக்கவில்லை. இலங்கையில் 1871 முதல் எடுத்த குடிசன மதிப்பீடுகள் மக்களை இனவாரியாக எண்ணத் தொடங்கின. சிங்களவர் ஆரியர், தமிழர் திராவிடர் என்பது பாடப்புத்தகத்துக்குள் வந்தது, அங்கிருந்து கலண்டருக்கும் மேடைக்கும் வந்தது. கைமுனுவைச் சிவப்பாகவும் எல்லாளனைக் கறுப்பாகவும் காட்டும் பழக்கம் இரண்டாயிரம் வருடப் பழமை அல்ல. திருகோணமலைக் கடைத்தெருவில் நின்று, உடுப்பையும் பேச்சையும் கவனிக்காமல் நிறத்தை மட்டும் பார்த்து யார் தமிழர், யார் சிங்களவர், யார் முஸ்லிம் என்று பிரிக்க யாராலும் முடியாது. அப்படியிருக்க மேடையில் மட்டும் ஏன் முடிகிறது?

அந்தப் பிள்ளைகளை ஒரு நாள் பெரியகுளத்துப் பக்கம் நாதனார் கோவில் இடிபாடுகளுக்குக் கூட்டிக்கொண்டு போகப் பாருங்கள். வெல்கம் விகாரை என்பதும் அதுதான். சோழர் காலத்தில் அதற்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர். புத்த விகாரை, ஆனால் அங்கே விளக்கெரிக்கப் பசுக்களும் பொருளும் கொடுத்தவர்களின் கல்வெட்டுகள் தமிழில் இருக்கின்றன. அனுராதபுரத்தில் தமிழ் இல்லறத்தார் கட்டிய மண்டபம் ஒன்றின் பாறையில், யார் யாருக்கு எந்த ஆசனம் என்று பிராமி எழுத்தில் வெட்டியிருக்கிறது, அதில் ஒருவன் கப்பலோட்டி. தமிழன் என்றால் சைவன், புத்தன் என்றால் சிங்களவன் என்ற பெட்டிகளுக்குள் இந்த மனிதர்கள் அடங்கமாட்டார்கள். இதைச் சொல்வதால் தமிழருடைய வரலாறு குறையாது, விரிகிறது. வேறு யாருடைய உரிமையையும் இது பறிக்கவும் இல்லை.

இராவணனைப் பற்றியும் கேட்பார்கள், கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவைப் பார்த்துத்தானே வளர்கிறோம். அவன் காவிய நாயகன். கல்வெட்டில் தேடக்கூடிய ஆள் இல்லை. வால்மீகி அவனைப் புலத்தியரின் பேரன் என்கிறார். பிற்காலத்தில் திராவிட இயக்கம் அவனைத் தமிழ் வீரனாக எடுத்துக்கொண்டது, இப்போது சிங்களவரிலும் பலர் அவனைத் தங்கள் ஆதி அரசன் என்கிறார்கள், 2019-ல் விண்ணுக்குப் போன இலங்கையின் செய்மதிக்குக்கூட அவன் பெயர்தான். இரண்டு பக்கமும் விரும்பட்டும். நிறத்துக்குச் சான்று தேடவேண்டாம்.

சிகிரியா ஓவியங்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் மேக்கப்காரர் அதைக் காட்டி வாதாடக்கூடும். அங்கே பொன்னிறப் பெண்களும் கருநிறப் பெண்களும் பக்கம் பக்கமாக நிற்கிறார்கள். பொன்னிறம் அரசி, கருநிறம் பணிப்பெண் என்று எத்தனையோ வழிகாட்டிகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தொல்லியல் அறிஞர் பரணவிதான இதை வேறு விதமாக வாசித்தார்: பொன்னிறத்தவர் மின்னல் கன்னியர், கருநிறத்தவர் மேகக் கன்னியர். அவர் சொன்னதை எல்லாரும் ஏற்கவில்லை, ஆனந்த குமாரசாமி அவர்களை அப்சரஸ்கள் என்றார். எனக்கு அதில் பிடித்தது, கறுப்பைக் கண்டவுடன் வேலைக்காரி என்று நினைக்கும் கண்ணுக்கு அது ஒரு நல்ல பதில் என்பதுதான்.

அந்தக் கண் நம்முடைய பழைய இலக்கியத்தில் இருக்கவில்லை. சங்கப் பெண்கள் தங்கள் மாமை நிறம் போய்விட்டதே என்று அழுகிறார்கள், அந்த மாந்தளிர்க் கருமை அவர்களுக்கு அழகு. இராமனைப் பார்த்த கம்பனுக்கு மையோ, மரகதமோ, கடலோ, மழைமுகிலோ என்று வாய் அடைத்துப்போகிறது. மகாபாரதத்தில் திரௌபதி கறுப்பி. இன்று தொலைக்காட்சித் தொடரில் இவர்கள் எல்லாரும் சந்தன நிறம். சான்று இல்லாத இடத்தை நாங்கள் நிரப்பும்போது எப்போதும் வெளுப்பாலேயே நிரப்புகிறோம், கறுப்பென்று எழுதியிருக்கும் இடத்திலும் அதையே பூசுகிறோம். கெட்டவனுக்கும் தோற்றவனுக்கும் மட்டும் கறுப்பு கைக்கு வருகிறது. உங்கள் மாணவியை எதிர்த்தவர்களில் எத்தனை பேர் சீதையாகவோ திரௌபதியாகவோ வெள்ளைப் பிள்ளை நடித்தபோது வரலாற்றைப் பற்றிக் கவலைப்பட்டார்கள் என்று மெதுவாகக் கேட்டுப்பாருங்கள். கோபமாகக் கேட்கவேண்டாம். பிள்ளை அந்த இடத்தில் இருக்கவும் வேண்டாம், அவள் ஏற்கனவே போதுமான அளவு கேட்டிருப்பாள்.

ஆகவே மேக்கப்: எல்லாருக்கும் அவரவர் நிறத்திலேயே, வெளிச்சத்தில் முகம் தெரியும் அளவுக்கு மட்டும். எல்லாளனுக்கும் கைமுனுவுக்கும் ஒரே பெட்டியிலிருந்து எடுங்கள். எல்லாளனை வயதானவராகக் காட்டுங்கள், அது சான்றுள்ள விஷயம், 44 வருடம் ஆண்டபின் போருக்குப் போனவர். தாடியில் கொஞ்சம் நரை போதும். இருவரையும் ஜரிகைச் சட்டையும் வெல்வெட் மேலங்கியுமாக நிறுத்தாதீர்கள், அது பிற்கால நாடகக் கொட்டகை உடை. வேட்டி, மார்பில் அணிகலன், தலைப்பாகை போதும்.

கிளியோபாட்ராவுக்கு நெற்றியில் நேராக வெட்டிய கருமுடி விக் வாங்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். அது சினிமா கொடுத்தது. அவர் தானே வெளியிட்ட காசுகளில் தலைமுடியை வரிவரியாகப் பின்னுக்கு இழுத்து, பிடரியில் கொண்டையாகக் கட்டி, நெற்றிக்கு மேலே ஒரு துணிப்பட்டி கட்டியிருக்கிறார். அந்தப் பட்டிதான் கிரேக்க அரசர்களுக்குக் கிரீடம். வெள்ளைத் துணியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு நாடா வெட்டினால் வேலை முடிந்தது, விக் காசு மிச்சம்.